கண்ணை மூடி உளவு பார்த்தவர்

கலிபோர்னியாவின் பேர்பாங் நகரில் பொலிஸ் ஆணையாளராக இருந்தவர் பற் பிரைஸ். தொலைவிலுள்ள இடங்களை மனத்தாலேயே பார்க்க முடியும் என்றார். பனிப்போர்க் காலம் அது. இத்துறையில் சோவியத் ஒன்றியம் முந்திவிடுமோ என அஞ்சிய சீ.ஐ.ஏ., ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து இதை ஆராய வைத்தது.

1974இல் சோவியத்தின் செமிபலாரின்ஸ்க் தளமொன்றின் ஆள்கூறுகள் பிரைஸிடம் கொடுக்கப்பட்டன. அவர் வரைந்த பிரமாண்டமான பாரந்தூக்கி செய்மதிப் படத்தோடு ஒத்துப்போனது. அவர் கூறிய மற்றவற்றில் பெரும்பாலானவை பிழை. 1975இல் லாஸ் வேகாஸில் அவர் இறந்தார்.

ஆராய்ச்சி பல பெயர்களில் இரு தசாப்தங்கள் தொடர்ந்தது. செலவு ஏறத்தாழ 2 கோடி டொலர். எந்தப் புலனாய்வு நடவடிக்கைக்கும் அது வழிகாட்டவில்லை என 1995இல் மதிப்பீடு சொல்ல, திட்டம் மூடப்பட்டது.

புலனாய்வுத் தகவல் என்ற பெயரில் வரும் ஊகம் உயிரையே பறிக்கலாம். பிரைஸ் சொன்னதையாவது சரிபார்த்தார்கள்.