சம்பளம் வேண்டாம் என்ற கட்டிடக் கலைஞர்

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அதைக் கட்டத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கல் சுமந்தவர்கள் யார்? உளி பிடித்தவர்கள் யார்? அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வேலையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறும் பக்தர்கள் உண்டு. சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். அங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான ஒரு பெரிய வீடு இருக்கிறது. அதன் பெயர் கோல்கொண்டா. ஆசிரமத்தினர் தங்கும் விடுதி அது. கட்டிடக்கலை படிப்பவர்கள் உலகின் பல பகுதிகளில் இருந்தும் அதைப் பார்க்க வருகிறார்கள்.

அந்த வீட்டைக் கட்டிய ஒருவர், தமது வேலைக்குக் கூலியே வாங்கவில்லை. அவர்தான் ஜார்ஜ் நகாஷிமா.

ஜப்பானியர் மகன்

நகாஷிமா 1905-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் ஜப்பானில் இருந்து குடியேறியவர்கள். கட்டிடக்கலை படித்துப் பட்டம் பெற்ற அவர், பாரீஸ் நகரைப் பார்த்தார். பிறகு முன்னோர்களின் நாடான ஜப்பானுக்குப் போனார்.

டோக்கியோ நகரில் அப்போது அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் புகழ் பெற்று விளங்கினார். செக் நாட்டில் பிறந்தவர் அவர். அவரது அலுவலகத்தில் 1934-ம் ஆண்டு நகாஷிமா வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் புதுச்சேரி ஆசிரமம் ஒரு விடுதி கட்ட விரும்பியது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் 1 லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அதனால்தான் ஐதராபாத் அருகே உள்ள கோல்கொண்டா கோட்டையின் பெயரை ஆசிரமத்து அன்னை அந்த வீட்டுக்குச் சூட்டினார். வரைபடம் போடும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. வேலையைக் கவனிக்க, 1937-ம் ஆண்டு நகாஷிமா புதுச்சேரிக்கு வந்தார்.

ஜன்னல் இல்லாத வீடு

புதுச்சேரி வெயில் கடுமையானது. அந்த வெயிலுக்கு ஏற்றபடி வீடு அமைந்தது. நீளமான இரு பக்கங்களும் தெற்கையும் வடக்கையும் நோக்கி இருக்கின்றன. அவற்றில் வழக்கமான ஜன்னல் கிடையாது. அதற்குப் பதிலாக, மேலிருந்து கீழ் வரை குறுக்குப் பலகைகள். வேண்டும்போது திருப்பினால் காற்று வரும். மழை வந்தால் மூடிக்கொள்ளலாம். உள்ளே தேக்கு மரத்தில் தள்ளுகதவுகள். மூடினாலும் அவற்றின் இடைவெளி வழியே காற்று போகும். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்.

இவ்வளவையும் பெரிய கம்பெனி எதுவும் கட்டவில்லை. ஆசிரமத்துச் சீடர்களே வேலை பழகி, கூலி ஆட்களோடு சேர்ந்து கட்டினார்கள். கதவுகளின் பித்தளைப் பிடிகளைக்கூட அங்கேயே வார்த்தார்கள்.

வேலையை மேற்பார்வையிட வந்த நகாஷிமாவின் மனம் மாறியது. எந்த வேலையையும் இறைவனுக்குப் படைக்கும் காணிக்கையாகச் செய்ய வேண்டும் என்பது ஆசிரமத்தின் கொள்கை. அது அவரைக் கவர்ந்தது. சம்பளத்தை விட்டார். சீடர் ஆனார். அவருக்குச் சுந்தரானந்தா என்ற பெயர் கிடைத்தது. அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள்.

முள்வேலிக்குள்

1939-ம் ஆண்டு அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். அமெரிக்கா திரும்பி, 1941-ம் ஆண்டு மரியன் என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. போர் மூண்டது!

ஜப்பானிய வம்சத்தினர் எல்லோரையும் அமெரிக்க அரசு சந்தேகித்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் தப்பவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1942-ம் ஆண்டு நகாஷிமாவும் மனைவி, கைக்குழந்தையுடன் ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். செய்த குற்றம் எதுவும் இல்லை. முகமே குற்றம் ஆயிற்று!

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. முகாமில் ஜப்பானியத் தச்சர் ஒருவர் இருந்தார். பட்டம் பெற்ற கலைஞர், அந்தத் தச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். கிடைத்த துண்டு மரங்களில் நுணுக்கமான இணைப்பு வேலைகளைக் கற்றார்.

1943-ம் ஆண்டு பழைய முதலாளி ரேமண்ட் கைகொடுத்தார். பென்சில்வேனியாவில் தமது பண்ணையில் வேலை தருவதாகப் பொறுப்பேற்று, நகாஷிமா குடும்பத்தை வெளியே கொண்டுவந்தார்.

மரத்தின் நண்பர்

அதன் பிறகு நகாஷிமா மர வேலையையே வாழ்க்கையாக ஏற்றார். நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை அமைத்தார். மரத்தின் வளைவையும் வெடிப்பையும் அவர் மறைப்பதில்லை. அவற்றை அப்படியே அழகாக்கினார். அவர் செய்த மேஜை, நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றன.

போரில் துன்பப்பட்ட அவர், முதுமையில் அமைதிக்காக ஒரு பணி தொடங்கினார். ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு பெரிய அமைதி மேஜை வைக்க ஆசைப்பட்டார். முதல் மேஜை 1986-ம் ஆண்டு நியூயார்க் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1990-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். 1996-ம் ஆண்டு இன்னொரு மேஜை, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.

கோல்கொண்டாவில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள். ஆகவே அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த வீட்டில் அவர் விட்டு வந்தது சம்பளத்தை. எடுத்துச் சென்றது ஒரு பாடத்தை. முள்வேலிக்குள் எல்லாம் பறிபோனபோதும் அந்தப் பாடத்தை யாராலும் பறிக்க முடியவில்லை. கோபுரத்தில் உளி பிடித்த பெயர் தெரியாத சிற்பிகளும் அதைத்தான் செய்து காட்டினார்கள்.