கர்னல் காலின் மெக்கென்ஸி

நிலத்தை அளந்தவர் பலர். அளந்த நிலத்தின் பூர்வ சரித்திரத்தையும் உடன் தேடியவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் கர்னல் காலின் மெக்கென்ஸி ஆவர்.

இவர் ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில், ஸ்டார்னவே என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1754-ஆம் ஆண்டளவிற் பிறந்தனர். சிறிது காலம் சுங்க உத்தியோகம் பார்த்து, 1783-இல் சென்னை வந்து, கும்பெனியாரின் பொறியாளர் படையிற் சேர்ந்தனர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர்ச் சீமையை அளக்கும் பணி இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கோணமும் தூரமும் குறிப்பதோடு அமையாது, ஊர்தோறும் கல்வெட்டு, ஏடு, நாணயம், வமிசாவளி ஆகியவற்றையும் திரட்டுவித்தனர். இந்நாட்டு மொழிகளில் இவருக்குப் பயிற்சி இல்லை. அக்குறையை நிரப்பினோர் காவலி வேங்கட போரையாவும், அவர் சகோதரர் லட்சுமையாவும், அவர்போன்ற பிற அறிஞருமே. போரையா 1803-இல் இளமையிலேயே காலமாயினர்.

மெக்கென்ஸி 1810-இல் சென்னை மாகாணத்துக்கும், 1815-இல் இந்தியா முழுமைக்கும் சர்வேயர் ஜெனரலாயினர். இவர் காலத்தில் வார்டு, கானர் என்னும் இரு சேனாதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். ஏலமலைகளும் அவ்வளவையில் அடங்கின.

அம்மலைகளின் கீழ்ச்சரிவில் உள்ள போடிநாயக்கனூரின் நிலப்படத்தை விரித்து நோக்குவோமாக. மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களுள் ஒன்று இவ்வூர். பெயரின் ஈறே அதனை அறிவிக்கும். மேற்கே சம உயரக் கோடுகள் நெருங்கிநிற்கும் சரிவின் உச்சி போடிமெட்டு. அதற்குத் தெற்கே தேவாரம் மெட்டு, கம்பம் மெட்டு என்பன உள. உச்சிகள் அடிவாரத்து ஊர்களின் பெயரையே பூண்டு நிற்றலால், எவ்வூரார் எவ்வழியே மலையேறினர் என்பது புலனாகின்றது. அப்பெயரும் ஒற்றையடிப் பாதையும் படத்தினின்று நீங்குமாயின், அவ்வரலாறும் உடன் மறையும்.

மெக்கென்ஸி 1821-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் வங்காளத்தில் உயிர் நீத்தனர். இவர் திரட்டியவற்றுள் 1,568 சுவடிகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 நாணயங்களும் இருந்தன. கும்பெனியார் அவற்றை இவர் மனைவியாரிடமிருந்து 10,000 பவுனுக்கு வாங்கினர். சென்னைக்கு வந்த சுவடிகளுள் பாளையக்காரர் வமிசாவளிகளும் உள. லட்சுமையா அப்பணியைத் தொடர வேண்டினர். ஆயினும் இந்நாட்டவர் அதற்குத் தகுதியுடையரல்லர் எனக் கருதி, அதிகாரமுடையோர் மறுத்துவிட்டனர். மொழியறியாத் தலைவருக்குக் கண்ணும் செவியுமாய் இருந்தவருக்கு நேர்ந்த அநீதி இது.

மாணவர்காள்! அன்று மறுக்கப்பட்ட பணி இன்று நம் கைக்கு எட்டியதாகவே உளது. விடுமுறையில் உங்கள் ஊர்ப் படத்துடன் புறப்படுங்கள். அதிற் காணும் ஒவ்வொரு குளத்தையும் கணவாயையும் பற்றி முதியோரை வினவி, அவர் உள்ளபோதே எழுதிவைப்பீர்களாக.