பத்து அங்குலச் சக்கரம் தந்த மேதை

சென்னைக்கு வடக்கே, எர்ணாவூரை அடுத்த எண்ணூரில் 1949-ஆம் ஆண்டில் ஆஸ்டின் கார்கள் உருவாயின. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. நம் ஊர்த் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டிக் கார் ஆக்கினார்கள். அந்தத் தொழிற்சாலையின் பெயர் அசோக் மோட்டார்ஸ். பின்னர் அதுவே அசோக் லேலண்டு ஆயிற்று. லாரிகளும் பஸ்களும் செய்து புகழ் பெற்றது.

அதே ஆஸ்டின் என்ற பெயரோடு பிணைந்த இன்னொரு கதை உண்டு. சின்னஞ்சிறு சக்கரங்களில், தரையை ஒட்டி ஓடிய ஒரு குட்டிக் காரின் கதை அது. அந்தக் காரின் பெயர் மினி. அதை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ்.

இன்று நம் இளைஞர்களில் சிலர் சிறிய கார் வாங்கியதும் அதை இன்னும் தாழ்த்திவிட ஆசைப்படுகிறார்கள். அவர்கள் அவசியம் அறிய வேண்டிய வரலாறு இது.

அகதிச் சிறுவன்

இசிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் துருக்கியின் கடற்கரை நகரமான ஸ்மிர்னா. தந்தை கிரேக்க வம்சத்தவர். தாய் ஜெர்மானியப் பெண்மணி. தந்தைக்குக் கப்பல் எந்திரம் செய்யும் தொழில். எந்திரங்களின் ஓசையைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான்.

1922-ல் பெரும் துன்பம் வந்தது. போரினால் ஸ்மிர்னாவில் வாழ முடியாத நிலை ஏற்பட்டது. பிரிட்டிஷ் கடற்படையினர் அந்தக் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டு போனார்கள். வீடு போயிற்று. தொழில் போயிற்று. சில காலத்திலேயே தந்தையும் காலமானார்.

விதவைத் தாயும் பதினாறு வயது மகனும் 1923-ல் இங்கிலாந்து சேர்ந்தார்கள். மகன் லண்டனில் பாட்டர்சி பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்தான். கணக்குப் பரீட்சையில் மூன்று முறை தோற்றான்! ஆனால் பென்சில் எடுத்துப் படம் வரைந்தால், எந்திரம் கண்முன் நிற்கும். அந்தத் திறமைதான் அவருக்குச் சோறு போட்டது.

கொட்டகையில் பிறந்த கார்

வேலை பார்த்துக்கொண்டே பந்தயங்களிலும் கலந்துகொண்டார் இசிகோனிஸ். அவர் ஓட்டியது ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார். அதன் முன் பகுதியைக் கழற்றித் தம் விருப்பப்படி மாற்றினார்.

அத்துடன் நிற்கவில்லை. ஜார்ஜ் டௌசன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு பந்தயக் காரையே கையால் செய்தார். இதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காரில் ஒரு புதுமை இருந்தது. குலுக்கலைத் தாங்க இரும்புப் பட்டைகளுக்குப் பதில் ரப்பரைப் பயன்படுத்தியிருந்தார். இந்த எண்ணம் இருபது ஆண்டுகள் கழித்து உலகப் புகழ் தந்தது.

நான்கு அங்குலம்

1936-ல் மோரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும், 1948-ல் அவர் அமைத்த மோரிஸ் மைனர் கார் வெளிவந்தது. அதற்கு முன்பு கார்களுக்குப் பெரிய சக்கரம் போடுவதே வழக்கம். இவரோ 14 அங்குலச் சக்கரம் போட்டார்.

மாதிரிக் காரைப் பார்த்தபோது அதன் அகலம் அவருக்குத் திருப்தி தரவில்லை. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியதும், போதும் என்றார். அந்த அகலத்திலேயே கார் தயாராயிற்று.

வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த பேபி இந்துஸ்தான், இந்த மோரிஸ் மைனர்தான். அதன் முன் சக்கரங்களை முறுக்குக் கம்பிகள் தாங்கின. நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அம்பாசிடர் காரிலும் அதே முறைதான் இருந்தது.

பெட்டிக்குள் நால்வர்

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி மூண்டது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம் ஓடும் கார் வேண்டும் என்று மக்கள் தேடினார்கள். ஆஸ்டினும் மோரிசும் அப்போது ஒரே நிறுவனமாக இணைந்திருந்தன. அதன் தலைவர் லியோனார்டு லார்டு 1957-ல் இசிகோனிஸிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்.

காரின் நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். சாமானும் வைக்க வேண்டும். எப்படி முடியும்?

இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில் புகுத்தினார். எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றும்படி செய்தார். அப்படியும் இடம் போதவில்லை. சக்கரங்கள் உள்ளே வந்து இடத்தை அடைத்தன. உடனே சக்கரத்தைச் சிறிதாக்கினார். எவ்வளவு சிறிதாக? வெறும் 10 அங்குலம்! டன்லப் கம்பெனி அதற்கென்றே டயர் செய்து கொடுத்தது.

ரப்பரின் விந்தை

சின்னச் சக்கரத்தில் சிக்கல் உண்டு. மாட்டு வண்டியின் பெரிய சக்கரம் சிறு பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். குழந்தையின் நடைவண்டிச் சக்கரம் அதே பள்ளத்தில் விழுந்துவிடும். தவிர, சின்னச் சக்கரம் அதிக முறை சுழல வேண்டும். டயர் விரைவில் தேயும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காரின் எடை சுமார் 600 கிலோ. நான்கு பேர் ஏறினால் அதில் ஏறக்குறைய பாதி எடை கூடிவிடும். ஸ்பிரிங் மெதுவாக இருந்தால் கார் அமுங்கித் தரையில் தட்டும். கடினமாக இருந்தால், ஒருவர் மட்டும் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும்.

இங்கேதான் அலெக்ஸ் மோல்டன் என்ற நண்பர் கைகொடுத்தார். அவர் ரப்பர் நிபுணர். கூம்பு வடிவில் ரப்பர்த் துண்டுகளைச் செய்தார். ரப்பரை லேசாக அழுத்தினால் நெகிழும். அழுத்த அழுத்த இறுகும். எனவே காரில் ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் அது தாங்கியது. இடமும் மிகக் குறைவாகவே பிடித்தது.

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது. விலை சுமார் 497 பவுன். முதலில் வந்த கார்களில் மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து தரை விரிப்பு நனைந்தது. அந்தக் குறையைப் பின்னர் சரி செய்தார்கள். தொழிலாளியும் ஓட்டினார், சீமான்களும் ஓட்டினார்கள்.

குட்டிக் காரின் வெற்றி

பந்தயக் கார் நிபுணர் ஜான் கூப்பர் இந்தக் காரின் வேகத்தைக் கூட்டினார். மான்டி கார்லோ மோட்டார் பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பெரிய பெரிய கார்களை மினி தோற்கடித்தது. உடல் தாழ்ந்திருந்ததாலும், சக்கரங்கள் நான்கு மூலைகளிலும் இருந்ததாலும், வளைவுகளில் அது சாயாமல் ஓடியது.

பந்தயக்காரர்கள் அதை மேலும் தாழ்த்தினார்கள். ரப்பர்க் கூம்பைத் தாங்கும் தண்டைச் சிறிது குட்டையாக்கினால் போதும். கார் அதைப் போலப் பல மடங்கு கீழே இறங்கும். அத்துடன் ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். சக்கரத்தின் சாய்மானத்தையும் அளந்து திருத்தினார்கள். அவர்கள் ஓடியது பந்தயத்துக்காக.

எண்ணூர் நெடுஞ்சாலையோ கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. மழை பெய்தால் பள்ளம் தெரியாது. வேகத்தடைகளும் உண்டு. ஸ்பிரிங்கை மட்டும் வெட்டித் தாழ்த்திய கார் இங்கே என்ன ஆகும்? சக்கரம் மேலே எழும்ப இடம் இராது. டயர் மட்காடில் உரசும். எண்ணெய்த் தொட்டி தரையில் மோதும். பிரேக் போடும்போது கார் பக்கவாட்டில் இழுக்கலாம். கம்பெனி அமைத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

இறுதி நாட்கள்

1968-ல் லேலண்டு நிறுவனமும் இசிகோனிஸின் நிறுவனமும் ஒன்றாயின. எண்ணூர்த் தொழிற்சாலையின் பெயரில் உள்ள அதே லேலண்டுதான்! புதிய நிர்வாகம் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தது. மினிக்குப் பதிலாக இன்னும் சிறந்த ஒரு குட்டிக் காரை அவர் அமைத்தார். அது உற்பத்திக்கு வரவே இல்லை.

1969-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1971-ல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் தாயை 1972-ல் அந்த அம்மையார் இறக்கும்வரை உடன் வைத்துக் காப்பாற்றினார். 1988 அக்டோபர் 2-ந் தேதி பர்மிங்ஹாமில் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் அவரது மினி ஓடியது. 2000-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபோது 53 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. கணக்கில் மூன்று முறை தோற்ற அகதிச் சிறுவன் வரைந்த கார் அது! அவர் சக்கரத்தைச் சிறிதாக்கியது அழகுக்காக அல்ல. உள்ளே உட்காரும் குடும்பத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே.