மார்த்தா மால்ட்

மார்த்தா மால்ட் (1794 – 1870) நாகர்கோவிலில் ரேந்தை பின்னும் தொழிலைத் தொடங்கி வைத்த ஆங்கிலேயப் பெண்மணி ஆவார். இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவியான இவர், 1819 ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென் திருவிதாங்கூரில் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தினார். இப்பள்ளியில் பயின்ற அடிமைக் குலச் சிறுமியர் சிலர், தம் கையால் பின்னிய ரேந்தையின் வருவாயைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய இராபர்ட் கால்டுவெல் இவருடைய மருமகன் ஆவார்.

பின்புலம்

நாஞ்சில் நாடு உள்ளிட்ட இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடன் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியுடன்) இணைந்திருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. நிலத்தைப் போலவே மனிதரையும் விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்திற்கு விடலாம். 1836 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12.8 இலட்சம் மக்களுள் சுமார் 1.64 இலட்சம் பேர் அடிமைகள். அடிமை அல்லாத பிற தாழ்த்தப்பட்ட சாதியினரும் கூலியில்லாத ஊழியம் செய்யவும் பலவகை வரிகளைச் செலுத்தவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். இச்சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியக் கூடாது என்பது வழக்கமாகவும் அரசின் விதியாகவும் இருந்தது.

இப்பகுதியில் ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் பாதிரியார் மயிலாடியில் தொடங்கிய பணியை, 1816 இல் அவர் சென்ற பிறகு சார்லஸ் மீட் ஏற்றுக்கொண்டார். மீட் தம் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவரே சார்லஸ் மால்ட். 1819 டிசம்பரில் மால்ட் தம்பதியர் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். 1828 இல் பணிக்களம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது மீட் நெய்யூருக்குச் சென்றார்; நாகர்கோவில் மால்ட் வசமானது. அக்கால மிசனரி அறிக்கைகளைப் படிப்போருக்கு ஒரு குறை தென்படும். கணவரின் பயணங்களும் பிரசங்கங்களும் அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. மனைவியோ பெரும்பாலும் திருமதி மால்ட் என்ற பெயரில் சில வரிகளில் வந்து போகிறார்.

விடுதிப் பள்ளி

நாகர்கோவில் பெண்கள் பள்ளி 1819 இல் மீட்டின் மனைவியால் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பு மார்த்தாவிடம் வந்தது. பெண்களுக்கு எழுத்தறிவு தேவையற்றது என்பது அன்றைய பொதுக் கருத்து. தாழ்த்தப்பட்ட குடும்பங்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் இருந்தது. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டிய சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு இழப்பு. உணவும் உடையும் தந்து விடுதியில் வைத்துக்கொண்டால் மட்டுமே படிக்க வைக்க முடியும் என்ற நிலை. அதற்குப் பணம் வேண்டும். ரேந்தை பின்னும் எண்ணம் இவ்வாறுதான் தோன்றியது. அது முதலில் கலை ஆர்வமன்று, செலவுக் கணக்கு.

ரேந்தைத் தொழில்

ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. லேஸ் என்றும் வழங்குகிறோம். நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டது திண்டு ரேந்தை எனத்தக்க வகையாகும். இதற்குத் தறி தேவையில்லை. கெட்டியாக அடைத்த திண்டின் மேல், வடிவத்திற்கு ஏற்ப ஊசித் துளைகள் இடப்பட்ட தடித்த தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக் கட்டைகள் இணை இணையாகத் திண்டின் மீது தொங்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றுவதும் முறுக்குவதுமே அடிப்படை அசைவுகள். ஒவ்வொரு பின்னலும் நிலைக்குமாறு துளையில் குண்டூசி குத்தப்படும். பூவேலை நுணுக்கமாக ஆக ஆகக் கட்டைகளின் எண்ணிக்கை கூடும். இரண்டே அசைவுகளும் துளையிட்ட ஒரு தாளும் எத்தனை சிக்கலான வடிவத்தையும் உருவாக்கிவிடுவது, கணினி நிரல் எழுதுவோருக்கு வியப்பைத் தராது.

பருத்தி நூலோடு பட்டு நூலிலும் பொன், வெள்ளிச் சரிகையிலும் ரேந்தை பின்னப்பட்டது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பத்தினரும் இங்கிலாந்தில் இருந்த ஆதரவாளர்களும் இதனை வாங்கினர். பள்ளிச் சிறுமியரோடு, படிப்பை முடித்துத் திருமணமான பெண்களும் இத்தொழிலில் ஈடுபட்டனர். வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை என்பதால் அது நிலைத்தது.

இத்தொழில் நாகர்கோவிலில் வேரூன்றிய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் அது சரிந்துகொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வலைப்பின்னல் இயந்திரத்தால், அங்கு கையால் ரேந்தை பின்னிய ஏழைப் பெண்களின் கூலி வீழ்ந்தது. ஓரிடத்தில் ஏழைப் பெண்களின் கையை விட்டு நழுவிய வேலை மற்றோரிடத்தில் அடிமைச் சிறுமியரின் கைக்கு வந்தது.

விடுதலையின் விலை

விடுதியில் இருந்த சிறுமியருள் சிலர் அடிமைகள். அவர்கள் பள்ளியில் படித்தாலும் சட்டப்படி உடைமையாளருக்கே உரியவர்கள். அவர் கேட்டால் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள். எனவே ரேந்தை விற்ற பணத்தின் ஒரு பகுதி உடைமையாளருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டு விடுதலை பெறப்பட்டது. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரக்கமுள்ள ஒருவர் பணம் கொடுத்து அடிமையை மீட்பது உலகின் பல இடங்களிலும் நடந்துள்ளது. நாகர்கோவிலில் அச்சிறுமியர் தம் உழைப்பின் விலையால் தம்மை மீட்டுக்கொண்டனர். ஓர் அடிமையின் உழைப்புக்கு அவருக்கே உரிய விலை உண்டு என்பதை மறுத்து நின்ற முறையில், இது அதன் அடிப்படையையே தொட்ட செயலாகும்.

எனினும் இதனைப் பெரிதுபடுத்திக் கூறவும் இயலாது. மீட்கப்பட்டோர் மிகச் சிலர். அடிமைகளோ ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். 1847 இல் திருவிதாங்கூரில் பணியாற்றிய மிசனரிகள் அடிமை முறையை ஒழிக்குமாறு மகாராசாவிடம் கூட்டாக விண்ணப்பித்தனர். 1853 இல் அரசுக்குரிய அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் அல்லர் என அறிவிக்கப்பட்டது. 1855 சூன் மாத ஆணையால் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

தோள்சீலைப் போராட்டம்

மார்த்தாவின் நாகர்கோவில் வாழ்க்கை முழுவதும் தோள்சீலைப் போராட்டத்தின் காலத்தோடு ஒன்றிணைந்தது. கிறித்தவராக மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாம் என 1814 மே மாதம் அரசு அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேலாடை இடுவதை அது அனுமதிக்கவில்லை. மிசனரிகளின் மனைவியர் தளர்வான குட்டைக் கைச் சட்டையைத் தைக்கக் கற்றுக்கொடுத்தனர். நாடார் பெண்கள் சட்டையோடு நின்றுவிடவில்லை. அதன் மேல் தோள்சீலையும் அணிந்தனர். 1822 இல் கல்குளம் பகுதியில் தொடங்கிய தாக்குதல்கள் 1827 முதல் மீண்டும் தீவிரமாயின. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. கோவில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை சட்டையை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது.

மானம் மறைக்கும் ஆடை மட்டுமே வேண்டும் என்றால் சட்டை போதும். அப்பெண்கள் கேட்டது அதுவன்று, சமநிலை. இவ்வேறுபாட்டைக் கவனியாமல், ஆடை அணியக் கற்பித்தவர்கள் வெள்ளைக்கார அம்மையார்களே என்று எழுதுவது, அடிபட்ட பெண்களின் துணிவை மறைத்துவிடும். இதே காலத்தில் இதே வட்டாரத்தில் அய்யா வைகுண்டர் (1809 – 1851) தம் வழி வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் செய்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்.

ரேந்தைத் தொழில் இப்போராட்டத்திற்கு நேரடிக் காரணம் அன்று. ஆனால் கையில் சொந்தக் காசு உள்ள பெண் துணி வாங்க முடியும். நிலக்கிழாரின் வயலை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. மெல்லிய ரேந்தையை இப்பெண்கள் பின்னினர். அது ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோளை அணி செய்தது. பின்னியவர்கள் தம் தோளில் முரட்டுத் துணி ஒன்றை இட்டாலும் தெருவில் அது பறிக்கப்பட்டது. நாடார் பெண்கள் தோளை மறைக்கலாம், ஆனால் உயர்சாதியினரைப் போல அணியக் கூடாது என்ற அரைகுறை ஆணை 1859 சூலை 26 இல்தான் வந்தது. மார்த்தா அப்போது இந்தியாவில் இல்லை. பிற சாதிப் பெண்களுக்கு அவ்வுரிமை கிடைக்க 1865 வரை ஆயிற்று.

இலண்டன் பொருட்காட்சி

1851 மே 1 அன்று இலண்டன் ஹைடு பூங்காவின் பளிங்கு அரண்மனையில் தொடங்கிய உலகப் பெரும் பொருட்காட்சியில், இந்தியப் பொருட்களுள் நாகர்கோவில் ரேந்தையும் வைக்கப்பட்டது. நாகர்கோவில் என்னும் ஊர்ப்பெயர் வெளியுலகில் ஒரு கைத்தொழிலின் பெயராக அறியப்பட்டது இவ்வாறே. பின்னியவர்களின் பெயர்கள் அங்கு இல்லை. அடிமை முறை ஒழிவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த காட்சி அது என்பது குறிப்பிடத்தக்கது.

குடும்பமும் பிற்காலமும்

மார்த்தாவின் மகள் எலைசா 1822 இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழைப் பேசியே வளர்ந்தவர். 1844 இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அங்கு அவர் நடத்திய பெண்கள் பள்ளியிலும் ரேந்தை பின்னுதல் கற்பிக்கப்பட்டது. நாகர்கோவிலின் தொழில் தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் பரவியது தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற கைப்பழக்கத்தால்தான். எலைசா 1899 இல் காலமானார்.

மால்ட் தம்பதியர் 1850களின் நடுவில் இங்கிலாந்து திரும்பினர். சார்லஸ் மால்ட் 1858 இலும் மார்த்தா 1870 இலும் இறந்தனர். நாகர்கோவில் பள்ளியையும் ரேந்தைத் தொழிலையும் பின்வந்த மிசனரிக் குடும்பங்கள், குறிப்பாக டதி குடும்பத்தினர், தொடர்ந்து நடத்தினர். 1819 இல் தொடங்கிய அப்பள்ளி டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் அறியப்படுகிறது.