சைக்கிள் வாடகை கொடுத்து ஒலிம்பிக் வீரரை உருவாக்கிய வாத்தியார்: யார் இந்த ரஹீம் சாப்?

பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் அப்படி ஒரு பையன் இருப்பான். பந்து காலோடு ஒட்டிக்கிட்ட மாதிரி ஓடுவான். பி.டி. சாருக்கும் அது தெரியும். ஆனால் தருமபுரி டவுனில் செலக்‌ஷன் என்றால் அன்றைக்கு வந்திருக்க மாட்டான். திறமைக் குறைவெல்லாம் காரணமில்லை. பஸ் காசு இருக்காது, ஷூ இருக்காது, இல்லையென்றால் வீட்டில் வேலை இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினையைப் பணத்தால் தீர்த்துவிட்டார்கள். அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது தனி சாம்ராஜ்யம். ஆட்டத்தின் மூளை ‘குவார்ட்டர்பேக்’ என்ற ஒரே ஆள். அவனைப் பள்ளியிலேயே கண்டுபிடிக்க கோச்சுகள் ஊர் ஊராக அலைவார்கள், ஸ்காலர்ஷிப்போடு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். 2021-க்குப் பிறகு, மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்தே சம்பாதிக்கலாம் என்றும் ஆகிவிட்டது.

நம்ம ஊரில் அந்த வேலையை ஒரு காலத்தில் கிட்டத்தட்ட தனியாளாகச் செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் சையது அப்துல் ரஹீம். 2024-ல் வந்த ‘மைதான்’ படத்தில் அஜய் தேவ்கன் நடித்தது இவர் வேடத்தில்தான்.

வாத்தியார் வேலை, மைதானத்து மனசு

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, பள்ளிகளில் பாடம் நடத்தினார். அங்கேயே நின்றிருந்தால் நல்ல வாத்தியார் என்ற பெயரோடு ரிட்டயர் ஆகியிருப்பார். ஆனால் உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பாடம் நடத்திய இடத்திலிருந்து விளையாட்டுப் பொறுப்புக்கு மாறிக்கொண்டார்.

1950 வாக்கில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அப்போது இந்திய ஃபுட்பால் என்றாலே கல்கத்தாதான், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான். அந்தக் காலத்தில் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை தூக்கிக்கொண்டு போனது இந்தப் போலீஸ் அணி.

அம்முகூடா பையன்

தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள், துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற சின்ன ஊரில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் கஷ்டம். முதல் பூட்ஸே, பழைய போலீஸ் பூட்ஸைப் பிரித்து ஒரு தொழிலாளி தைத்துக் கொடுத்ததுதான்.

பையனின் ஆட்டத்தைப் பார்த்ததும் ரஹீமுக்குப் பிடித்துவிட்டது. பயிற்சிக்கு வரச் சொன்னார். ஆனால் அம்முகூடாவிலிருந்து தினமும் ஹைதராபாத் மைதானத்துக்கு வர பலராமிடம் காசு இல்லை. விஷயம் தெரிந்ததும் சைக்கிள் வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்தார்.

இதை இரக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அவன் மைதானம் வந்து சேரும்வரை அது முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. சில ரூபாய் செலவில் முடிந்த விஷயம் அது. அந்தப் பையன் சந்தோஷ் டிராபியில் ஹைதராபாத்துக்கு ஆடி, 1956-ல், 20 வயதை ஒட்டி, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நின்றார். சேர்ந்து ஆடிய பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமியோடு, இந்திய முன்வரிசையின் மூவரில் ஒருவரானார்.

10-1 கற்றுத்தந்த பாடம்

எல்லாமே வெற்றி இல்லை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய அதே இந்தியா, அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கியது. நம்ம ஆட்களில் பலர் அன்றைக்கு வெறுங்காலில் ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது.

ஆனால் பூட்ஸ் மாட்டினால் மட்டும் ஆட்டம் மாறிவிடுமா? பழக்கம் மாறணும். பந்து கிடைத்தால் நாலு பேரைத் தாண்டிக் காட்டுவதுதான் அப்போது நம்மவர்களுக்கு ஃபுட்பால். ரஹீம் அதை உடைக்க வினோதமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில் ட்ரிப்ளிங்கே கூடாது, வாங்கியதும் பாஸ் செய்யணும். இன்னொன்றில் பலம் குறைந்த காலால் மட்டும்தான் ஆடணும். வலது கால்காரன் இடது காலால் உதைத்துத் தடுமாறினால் தடுமாறட்டும் என்று விட்டுவிடுவார். ஒரு பிளேயரை வளர்ப்பதில் இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை.

பலன் மெல்போர்னில் தெரிந்தது. சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தினோம், நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலும் நம்முடையது. கடைசியில் 4-1 என்று தோற்று, வெண்கலப் போட்டியில் பல்கேரியாவிடமும் விழுந்து, நான்காவது இடம்.

1960 ரோம் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் அப்பா அவரை ஒரு மேட்ச்சில்கூட இறக்கவில்லை.

ஜகார்த்தா, 1962

இந்த நேரத்தில் ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். அணியோ முதல் மேட்ச்சில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடி, தையல். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், ஊர் மக்களும் நம்ம மேல் கடுப்பில் இருந்தார்கள்.

வேறு கோச்சாக இருந்தால் ஜர்னைலுக்கு ரெஸ்ட் கொடுத்திருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் டிஃபென்ஸிலிருந்து தூக்கி சென்டர் ஃபார்வர்டாகப் போட்டார். தலையில் தையலோடு இருப்பவரைப் பந்துக்கு முட்டவிடுவது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றதில் ஜர்னைலுக்கு ஒரு கோல்.

செப்டம்பர் 4, இறுதிப்போட்டி. மறுபடியும் தென்கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நம்மை எதிர்த்துக் கத்த, கோலுக்கு முன்னால் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத் தமிழர்தான். சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்து கோல்கீப்பராக மாறிய நெட்டையர். முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நின்றிருந்தாலும், ஃபைனலுக்கு ரஹீம் தங்கராஜைத்தான் நம்பினார். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20-வது நிமிஷம் ஜர்னைல். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1, தங்கம்.

பத்து மாதம்கூட இருக்கவில்லை. 1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் இறந்தார், வயது 53. சைக்கிளில் வந்த பலராமும் அதே வருஷம் நுரையீரல் உறை அழற்சியால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று, அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பி.கே. பானர்ஜி பிறகு கோச் ஆகி 1970-ல் ஒரு வெண்கலம் கொண்டுவந்தார். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் ஆண்கள் அணிக்குத் தங்கம் அதற்கப்புறம் வரவில்லை.