சொற்களின் உறவைக் கண்ட துறவி

கள்ளக்குறிச்சியில் நாம் நாள்தோறும் வழங்கும் 'தானம்', 'விதவை' என்னும் வடசொற்களுக்கு இலத்தீனில் உடன்பிறப்புகள் உண்டு! இதை எடுத்துரைத்தவர் இயேசு சபைத் துறவி கெர்தூ அடிகளார்.

1691-ல் பிரான்சின் பூர்ஜ் நகரில் பிறந்த அவர், 1732-ல் இந்தியா வந்தார். தெலுங்கும் வடமொழியும் கற்றார். 1767-ல் நம் அண்டை நகராகிய புதுச்சேரியிலிருந்து பாரிசு அறிஞர் கழகத்திற்கு எழுதினார். தானம் இலத்தீனில் 'தோனும்', விதவா 'விதுவா'. கடன் வாங்கியிருந்தால் வாணிபச் சொற்களே ஒத்திருக்கும். எண்ணுப் பெயர்களும் 'இரு' என்னும் வினையும் ஒத்திருப்பதால், இம்மொழிகளின் மூலம் ஒன்றே என்றார்.

அம்மடல் அச்சேறாமலே கிடந்தது. 1773-ல் அவரது சபை கலைக்கப்பட்டது. 1779-ல் புதுச்சேரியிலேயே அடிகளார் மறைந்தார். 1786-ல் கல்கத்தாவில் இதே கருத்தைக் கூறிய வில்லியம் ஜோன்ஸ் பெரும்புகழ் பெற்றார். அடிகளாரின் மடலோ 1808-ல்தான் அச்சானது. பின்வந்த அறிஞர்கள் ஒலிகளை ஒப்பிட்டு, எழுத்தில் இல்லாத அம்மூலமொழியின் வேர்களையே மீட்டனர்.

நம் தமிழ் வேறு குடும்பம். கல்வராயன் மலைமுதல் கடற்கரைவரை 'கொடை', 'கைம்பெண்' என்பனவே நம் வீட்டுச் சொற்கள். தோழியரே, புகழ் வராவிடினும் உண்மையை எழுதி வைத்த அடிகளாரை நன்றியுடன் நினைப்போமாக!