சின்ன மருது

சூலியா தெருவில் நடக்கும்போது, அங்கே வாணிகம் செய்து பொருளீட்டிய தமிழரை நாம் நினைக்கிறோம். 1802ஆம் ஆண்டில் கைதிகளாகப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்ட தமிழரை நினைப்பவர் சிலரே. அவர்களுள் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் தந்தையே சின்ன மருது.

1780இல் வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையை மீட்டபோது, அண்ணன் பெரிய மருதுவுடன் துணை நின்றவர் இவர். பின்னர் அமைச்சராய் நாட்டை நடத்தினார். வளரி எறிவதில் வல்லவர். வெல்சு என்னும் ஆங்கிலப் படை அதிகாரிக்கு அதனைக் கற்பித்தவரும் இவரே.

ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்தமையால் 1801இல் கும்பினியாருடன் போர் மூண்டது. பீரங்கிக்கு எதிரே வெட்டவெளியில் நிற்பது வீண் என்பதை மருது அறிவார். சிறுவயல் ஊர் தீக்கிரையாயிற்று; மருதுவின் படை காளையார்கோயில் காட்டினுள் ஒதுங்கியது. காட்டை வெட்டி வழியமைக்கப் புகுந்த கும்பினிப் படை, ஏறத்தாழ ஒரு மாதம் மரங்களோடு போராடியும் கோயிலை அடையாமல் திரும்பியது.

பிறகு கும்பினியார் வேறு வழி கண்டனர். படமாத்தூர் உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக்கினர். மக்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தனர். காளையார்கோயில் வீழ்ந்தது அன்றே என்பது நம் கருத்து. படை உள்ளே புகுந்தது அக்டோபர் 1இல். அம்மாதம் 24இல் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

மகன் துரைச்சாமி பினாங்கிலேயே வளர்ந்தான். 1818இல் வெல்சு இங்கு வந்தபோது, நோயால் தளர்ந்து முதியவர்போல் தோன்றிய ஒருவர் அவர்முன் வந்து நின்றார். வெல்சுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்.